மதகுப் படியில் ஒரு செருப்பு

மலையக நகரமான அட்டனில் மழை கொட்டுகிறது. மேல்வீதி வடிகால் கான்களின் செந்நீர் பாய்ந்து வந்து, புல் மண்டிய சேற்றுநிலத்தில் விழுந்ததும் அடங்கிப் பரவுகிறது. அந்த நிலத்தை நிரப்பி பஸ் நிலையம் கட்டும் வரைபடம், நகரசபை அதிகாரி செல்வரத்தினத்தின் குடைக்கடியில் விரிந்திருக்கிறது. கான் துப்புரவாக்கும் சிசிலி, நிலத்து நீர் வெளியேறும் மதகுப் படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்குகிறாள்.

“செருப்பை எடுங்கோ சிசிலி, வெள்ளம் அள்ளிக்கொண்டு போகப்போகுது.”

“போகாதுங்க ஐயா. தேயிலத் தோட்டத்துல கானு வெட்டுனவங்க நாங்க, எங்களுக்குத் தண்ணிய தெரியும். இந்தச் சேறு வயிறு நெறையக் குடிச்சிட்டு, மிச்சத்தத்தான் மெதுவா விடும். இத நிரப்புனீங்கன்னா கீழ உள்ள கடையெல்லாம் முங்கிரும்.”

மதகில் நீர் தெளிந்து, சன்னமாக வழிகிறது. அரைமணியாகியும் அசையாத செருப்பையே பார்த்து நிற்கும் செல்வரத்தினம், வரைபடத்தில் பஸ் நிலையத்தைக் குறிக்கும் சிவப்புக் கட்டத்தைப் பேனாவால் குறுக்கே வெட்டுகிறார். பிறகு தன் சப்பாத்துகளைக் கழற்றி அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கிறார்.