மல்லிகை வில்லை

அழைப்பு மணி அடித்தபோது வாணலியில் நெத்திலிக் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது.

ஜெனோவா அடுப்பை அணைத்தாள். வாணலியைத் தட்டுப் போட்டு மூடினாள். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

மேடையில் பீங்கான் கிண்ணம். அடியில் சின்ன மெழுகுவத்தி எரிய, கிண்ணத்துக்குள் மல்லிகை வாசனை போட்ட மெழுகு வில்லை ஒன்று உருகிக் கிடந்தது. இன்னும் இரண்டை எடுத்துப் போட்டாள்.

உருகு, உருகு என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெழுகுக்கு யாருடைய அவசரமும் தெரிவதில்லை.

மணி மறுபடி அடித்தது. இந்த நேரத்தில் மாடியேறி வருகிற ஆள் ஒருவர்தான். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா, சுலோசனா.

இதற்கு முன் இரண்டு வீடுகளில் இந்தக் கருவாட்டு வாசனைக்காகத்தான் காலி செய்யச் சொன்னார்கள். இங்கே முன்பணம் கொடுத்த அன்று, வீட்டில் அசைவம் செய்வதே இல்லை என்று அவள் கணவன் கூசாமல் சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்று அவளும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள்.

அப்போது வயிற்றில் பிள்ளை இல்லை.

இப்போது ஐந்தாம் மாதம். சோறு தங்கவில்லை. தயிர் தங்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் கருவாட்டைக் கடித்துக்கொண்டால் மட்டும் கஞ்சி உள்ளே போகிறது. போனது அங்கேயே இருக்கிறது.

அதை மறைக்கத்தான் போனில் பார்த்து வில்லை செய்யக் கற்றாள். முதல் தடவை, கொதிக்கிற மெழுகிலேயே வாசனைத் தைலத்தை ஊற்றிவிட்டாள். வாசனையெல்லாம் ஆவியாகப் போய் வெறும் மெழுகு மிஞ்சியது. அடுத்த தடவை அச்சை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்து உடைந்தது. அப்புறம்தான் கை பழகியது. பக்கத்து வீட்டு டீச்சர் முகர்ந்து பார்த்துவிட்டுக் காசு கொடுத்து வாங்கினாள். அவள் சொல்லித் தெருவில் இன்னும் சிலர். ஒளிக்கப் போனது வியாபாரமாகிவிட்டது.

கொடுமை என்னவென்றால், அந்த மல்லிகைதான் அவளுக்குக் குமட்டியது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஊற்றினாள்.

எல்லோரையும்விட அதிகமாக வாங்கியவர் சுலோசனாம்மா. வாரம் தவறுவதில்லை.

வில்லை வாங்க வருகிறாரா, மோப்பம் பிடிக்க வருகிறாரா?

கதவைத் திறந்தாள்.

சுலோசனாம்மா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"கொஞ்சம் கீழ வந்துட்டுப் போம்மா."

அவ்வளவுதான். முடிந்தது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு எவர் வீடு கொடுப்பார்? பெட்டி படுக்கையோடு மறுபடி எந்தத் தெருவில் போய் நிற்பது? தன் நாக்கின் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கீழ் வீட்டில் கூடத்தைத் தாண்டி அவள் போனதில்லை. சுலோசனாம்மா உள்ளறைக் கதவைத் திறந்து அவளை முன்னால் விட்டார்.

கட்டிலில் அவர் கணவர். பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பார்த்ததில்லை.

மூலைக்கொரு கிண்ணம் எரிந்தது. எல்லாவற்றிலும் அவள் ஊற்றிய மல்லிகை.

மல்லிகைக்கு அடியில் இன்னொரு வாடை. படுக்கைப் புண்.

கை தானாக மூக்குக்கு எழுந்தது.

கட்டிலில் இருந்தவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு போய்விட்ட மனிதர். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

பாதி வழி வந்த கையை இன்னொரு கையோடு சேர்த்துக் கும்பிட்டாள்.

"வணக்கம் ஐயா."

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

வெளியே வந்ததும் சுலோசனாம்மா கதவைச் சாத்தினார். குரலை இறக்கிச் சொன்னார். போன தடவை மகளோடு வந்த பேரன் அறை வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டானாம். சின்னப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும். ஆனால் இவர் பார்த்துவிட்டார். இரண்டு நாள் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு கரண்டி கஞ்சி இறங்கவில்லை.

நாளைக்கு அவர்கள் மறுபடி வருகிறார்கள்.

ஜெனோவாவுக்குத் துக்கமாக இருந்தது. கூடவே, வீட்டைப் பற்றிப் பேச்சு வரவில்லையே என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இன்னும் வாசனை கூட்டி ஒரு வில்லை ஊற்றலாம். ஆனால் புதிதாக ஊற்றிய வில்லையில் வாசனை ஏறப் பல நாள் ஆகும். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நாளைக்குள்ள முடியாதும்மா."

"வில்லை கேக்கலை."

சுலோசனாம்மா கூடத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"நீ வறுக்கறது எனக்கு முதல்லயே தெரியும். நாளைக்கு அவங்க உள்ள வர்ற நேரம் பார்த்து வறு. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ. பையன் மூக்கைப் பொத்தினா கருவாட்டுக்குன்னு இவர் நினைச்சுக்கட்டும். பொண்ணு என்னைத்தான் கத்துவா, கத்தட்டும். உன்னை யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."

ஜெனோவா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

மாடிப்படியில் பாதி ஏறியிருப்பாள். கீழிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் கூடவே போடும்மா."