நீங்க

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் காலை, ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் தோளைத் தட்டியதும் அவன் கண்ணைத் திறந்தான்.

சுரங்கப்பாதைக்குப் பாறை துளைக்கிற வேலை அவனுக்கு. லீவில் வீட்டுக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டது. மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றான். மூன்றாம் நாள் ராத்திரி வலிப்பு வந்து, பல் கிட்டி, நினைவு தப்பியது.

மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களில் கிருமி அடைத்துக்கொண்டதாம். பிழைத்தாலும் முழுசாகப் பிழைப்பான் என்று சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்கள்.

அவன் மனைவி நான்கு நாளும் கட்டிலை விட்டு நகரவில்லை. இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் விரலைக் காட்டினார். சரியாக எண்ணினான். என்ன மாதம் என்றதற்கு விட்டத்தைப் பார்த்தான். எத்தனை பிள்ளைகள் என்றதற்கும் விட்டத்தையே பார்த்தான்.

கடைசியாக அவளைக் காட்டி, யார் என்று கேட்டார்.

அவன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

"தெரியலைங்க. ரொம்ப நேரமா நிக்கிறாங்க. உட்காரச் சொல்லுங்க."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அவளுக்கு ஒரு 'ங்க' வந்ததில்லை. 'ஏய்'தான். வீட்டுக்கு ஆள் வந்திருந்தால் மட்டும் பெயர்.

டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். சில வாரத்தில் நினைவு திரும்பலாம், கொஞ்சம் திரும்பாமலும் போகலாம். பழசையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாக வரும்.

அவள் தலையாட்டினாள்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அவள் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவன் பார்வை அவள் இடது கைக்கு இறங்கியது. முழங்கைவரை மாவுக்கட்டு. இன்னும் அழுக்குப் படியாத கட்டு. அவனைச் சேர்த்த அன்றைக்கே, கீழ்த்தளத்தில் போட்டுவிட்டது.

"கை என்னங்க ஆச்சு?" என்றான். நிஜமான கவலையோடுதான் கேட்டான்.

குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள்.

வழக்கமாகச் சொல்வதுதான். அக்கம்பக்கத்தில், அம்மா வீட்டில், பிள்ளைகளிடம், கட்டுப் போட்டவரிடம், எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

அவன் ஒருவனிடம் மட்டும் இதுவரை சொல்ல வேண்டி வந்ததில்லை.