முன் வீல் நட்டு

"நிஸார், நீ பின்னைப் போட்டியா, இல்ல போட்டேன்னு வாயால மட்டும் சொன்னியா?"

குமாரவேல் காரை விட்டு இறங்கவே இல்லை. ஓப்பநாயக்க டவுனில் நிஸாரின் கராஜ் வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார். தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து இறங்கி வரும்போதே இடது முன் சக்கரம் கடகடவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. கடைசி வளைவில் மனுஷனுக்கு உயிரே போய்விட்டு வந்தது.

நிஸார் குனிந்து பார்த்தான். நடு நட்டு பாதி கழன்றிருந்தது. அது திரும்பாமல் இருக்கக் குறுக்கே ஒரு பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். அந்தப் பின் இருந்த இடத்தில் இப்போது வெறும் ஓட்டைதான் இருந்தது.

"அல்லா மேல சத்தியமா போட்டேன் அண்ணே. காலை மடக்கி, சுத்தியலால தட்டியும் விட்டேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. கால் இருக்குன்னு அது எறங்கி நடந்து போயிருச்சா?"

"மத்த வீலெல்லாம் நான் பார்த்ததுதானே? அதெல்லாம் கல்லு மாதிரி நிக்குதே. இது ஒண்ணுக்குத்தான் நட்டு மேல போடுற மூடி இல்ல. பெல்மதுளை ரோட்டுல எங்கயோ விழுந்த நாள்லேருந்து நானும் தேடாத கடையில்ல. இவ்வளவு பழைய காருக்கு எவன் மூடி வச்சிருக்கான்? ஆனா மூடி இல்லேன்னா பின் விழுந்திராது அண்ணே. இது யாரோ பார்க்குற வேலை."

யாரோ என்றதும் குமாரவேலுக்குச் சஞ்சீவின் முகம்தான் வந்தது. கார் படுத்துக்கொண்டால் தோட்டத்து ஹயர் சவாரி முழுக்கச் சஞ்சீவின் திரீவீலருக்குத்தான். 'நட்டு கழண்ட கேஸ் வருது பாருங்கடா' என்று ஸ்டேண்டே சிரிக்கும்படி சொன்னவனும் அவன்தான். ஆனால் கார் நிற்பது வீட்டு வாசலில். நாயைக் கட்டியிருப்பதும் அதன் பக்கத்திலேயே. வெளியாள் நிழல் பட்டால் போதும், அது குரைக்கிற குரைப்பில் லயத்து வீடுகளெல்லாம் எழுந்துவிடும். இந்த நாட்களில் அது ஒருதரம்கூடக் குரைக்கவில்லை.

"வெளியாள் யாரும் வரல. அப்ப நீதான் போடல" என்றார் முடிவாக.

நிஸாருக்கு முகம் சுண்டிப்போனது. "இதை வேற யாராவது சொல்லியிருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன் அண்ணே."

"வெள்ளிக்கிழமை பிரஷாந்தினியை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில சேர்க்கணும்டா. தலைப்பிரசவம். திரீவீலர் குலுக்கல் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என் மக ஏறி உக்காந்து, அந்த வளைவுல வீல் கழண்டா ரெண்டு உசிருடா."

நிஸார் நிமிர்ந்து, அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான். "வெள்ளிக்கிழமை காலையில நானே வீட்டுக்கு வர்றேன். உங்க கண்ணு முன்னால பின்னைப் போட்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வர்றேன். அதுக்கப்புறமும் கழண்டா கராஜை இழுத்து மூடிர்றேன். ஹரி?"

"ஹரி, ஹரி. சரிடா."

வீட்டில் மீனாம்பாள் கணவனைத்தான் கடிந்துகொண்டாள்.

"அந்தப் புள்ளைய ஏன் வையிறீங்க? இது வேலைக் கோளாறு இல்லீங்க, ஊர்க்கண்ணு பட்ட கோளாறு. முன்னயெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வண்டிக்குப் பூசை போட்டேன். நட்டு கழல ஆரம்பிச்சதுலேருந்து செவ்வாயும் சேர்த்துப் போடறேன். எலுமிச்சம்பழம் வேற சுத்திப் போடறேன். அப்படியும் அடங்கலைன்னா எவ்வளவு பொல்லாத கண்ணா இருக்கணும்?"

விடியும் முன்பே பிரட்டுக்களத்துக்கு ஓடி, கொழுந்து பறிக்க ஆள் பிரித்துவிடுகிற கணக்கப்பிள்ளைக்கு, பூசை புனஸ்காரமெல்லாம் வீட்டுக்காரி பாடு.

வெள்ளிக்கிழமை காலை நிஸார் சொன்னபடியே வந்தான். நட்டை இறுக்கி, புதுப் பின்னைச் செருகி, கால்களை மடக்கித் தட்டினான். குமாரவேல் கண்ணை எடுக்காமல் பார்த்தார். போதாததற்கு விரலால் தொட்டும் பார்த்தார்.

"திருப்தியா அண்ணே?"

"திருப்திடா. உள்ள வா, ஒரு பிளேன்டீ குடிச்சுட்டுக் கெளம்பலாம்."

உள்ளே டீயைக் கொடுத்தது பிரஷாந்தினிதான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நடந்து வந்த மகளைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது. "மகளை நெனச்ச பயத்துல கண்டதையும் பேசிட்டேன் நிஸார். மனசுல வச்சுக்காத."

"விடுங்க அண்ணே. நீங்க பேசாம வேற யாரு பேசுவா?"

மகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். நிஸார் பையைத் தூக்கிக்கொண்டான். கார் மஞ்சள் தண்ணீரில் குளித்து நின்றது. மூன்று சக்கரங்களின் மூடியிலும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. நாய் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மீனாம்பாள் இடது முன் சக்கரத்தின் எதிரே குந்தியிருந்தாள். கிரீஸ் மசகையெல்லாம் வழித்துத் துடைத்து, நட்டைக் குத்துவிளக்கு மாதிரி தேய்த்து வைத்திருந்தாள். கையில் குறடு இருந்தது.

"பொட்டு வைக்கிற எடத்துல, எத்தனை தடவை புடுங்கினாலும் இந்தத் துருக்கம்பி எங்கிருந்துதான் வந்து சொருகிக்குதோ" என்று அலுத்துக்கொண்டே அதை இழுத்தெடுத்த மீனாம்பாள், யார் காலிலும் குத்திவிடக் கூடாதே என்று பத்திரமாகப் பக்கத்திலிருந்த தேங்காய்ச் சிரட்டைக்குள் போட்டாள். அது அங்கே ஏற்கெனவே கிடந்த மற்றப் பின்களின் மேல் விழுந்து 'ணங்' என்றது.