கடைசி ஆளை விட்டுவிடும் கம்ப்யூட்டர்

என் மீசைமேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மாமனாரின் பிறந்தநாளுக்கு எல்லோரும் அனுப்பிய வாழ்த்து வீடியோக்களை வரிசையாகக் கோத்து, அதில் வீட்டார் பேசிய பகுதியை மட்டும் புரோகிராம் எழுதி வெட்டி எடுத்திருந்தார் மாப்பிள்ளை. டிவியில் ஓடி முடிந்தது. மாமியாரைக் காணோம்!

“தொண்டை கிழிய அரைமணி நேரம் பேசி அனுப்பினேனே, அது எங்க போச்சு, மாப்பிள்ளை?”

மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது.

“அத்தை, இங்கிருந்து இதுவரைக்கும் வெட்டுன்னு சொன்னா, கம்ப்யூட்டர் கடைசி ஆளுக்கு முன்னாடியே நிறுத்திடும். அதோட விதி அப்படி. நீங்கதான் கடைசி.”

“பாவம், மெஷினைச் சொல்லி என்ன பண்றது! அடுத்த வருஷம் என்னை நடுவுல போட்டுடுங்க.”

“கண்டிப்பா அத்தை.”

மாமனார் மட்டும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நன்றியோடு குலுக்கியவர் விடவே இல்லை.

அந்த வரிசையில் மாமியார் இருந்ததே நட்டநடுவில்தான்.