பின்சக்கரக் கணக்கு

பாஸ்கரன் சைக்கிளை வராந்தாவில் ஸ்டாண்ட் போட்டுவிட்டு முகம் கழுவப் போனதும், சரஸ்வதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஹேண்டில்பாரைப் பார்த்தாள்.

அதில் இரண்டு மீட்டர்கள் இருந்தன. ஒரு சைக்கிளுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டால், பாஸ்கரன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒற்றை அளவை நம்பி அவர் ஒரு போல்ட்டைக்கூடப் பாஸ் பண்ணியதில்லை.

முதலாவது பெங்களூரில் வாங்கியது. பின்சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு சென்சார். காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு சுற்று. அதைப் பொருத்திய அன்று, ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்குமே என்று அவரே ஏறி உட்கார்ந்துகொண்டார். தள்ளுவதற்கும் தரையில் சாக்பீஸ் கோடு போடுவதற்கும் சரஸ்வதி. சக்கரத்தின் சுற்றளவை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து முடிக்கும்வரை தெருவே வேடிக்கை பார்த்தது.

இரண்டாவது, சரஸ்வதியின் தம்பி சுபாஷ் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொடுத்த ஜி.பி.எஸ். அதற்குச் சக்கரத்தைப் பற்றி அக்கறையில்லை. சாட்டிலைட்டைக் கேட்டுத் தூரம் சொல்லும்.

ஞாயிறுதோறும் உடற்பயிற்சி என்று கிளம்புவார். ஓசூரிலிருந்து போக எத்தனையோ ரோடு இருக்க, அவருக்குப் பாகலூர் ரோடுதான் பிடித்திருந்தது.

பாகலூரில்தான் அவர்களுடைய ஒரே மகள் சுப்ரியா இருக்கிறாள். கூட வேலை பார்த்த ஆனந்தராஜைக் கட்டிக்கொண்டாள். வேறு ஜாதி. அந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று பாஸ்கரன் ஊரறியச் சொல்லிவிட்டார். பேத்தி பிறந்தபோதும் போகவில்லை. சரஸ்வதி மட்டும் பஸ்ஸில் போய்வருவாள். திரும்பி வந்தவளிடம் அவர் எதுவும் கேட்க மாட்டார். டிவி சத்தத்தை மட்டும் குறைத்து வைப்பார்.

இரண்டு மீட்டரும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஜி.பி.எஸ். ஒரு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டியது. மேகம், புளியமரம், அமெரிக்காக்காரன் என்று பாஸ்கரன் வாரம் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

சரஸ்வதி பக்கத்து வீட்டு என்ஜினீயர் பிரதாப்பைக் கேட்டாள்.

"வெட்டவெளியில ஒரே எடத்துல ரொம்ப நேரம் நின்னா, அது சும்மா நிக்காதுக்கா. அங்கயும் இங்கயும் அலையறதா நெனச்சுக்கிட்டுத் தூரத்தைக் கூட்டிக்கும்."

ஆக, இந்த மனுஷன் வாராவாரம் பாகலூரில் ஏதோ ஒரு தெருமுனையில், சாட்டிலைட்டே குழம்பிப்போகும் அளவுக்கு நின்றுவிட்டு வருகிறார். அவளுக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. அவ்வளவு தூரம் மிதிக்கத் தெரிந்தவருக்கு நாலு எட்டு நடக்கத் தெரியவில்லை. கேட்டால் அப்படி நிற்பதையும் விட்டுவிடுவார் என்று பயந்து, அவள் கேட்கவே இல்லை.

இன்று கணக்கு தலைகீழாக இருந்தது. சக்கரம்தான் ஒரு கிலோமீட்டர் கூடக் காட்டியது.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். அதேதான்.

ஜி.பி.எஸ். இன்று அலையவில்லை. கூரைக்கடியில் இருந்தால் அதற்கு வானம் தெரியாது, வாயை மூடிக்கொள்ளும். ஆனால் சக்கரம் மட்டும் தனியாக ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சைக்கிள் நகராமல் சக்கரம் ஓட ஒரே வழிதான். ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும்.

பாகலூரில் அவர் போய் நிற்கக்கூடிய கூரை ஒன்றே ஒன்றுதான்.

பாஸ்கரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் நிற்கும் இடத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"டயர்ல காத்து கம்மி. அதான் சக்கரம் கூடக் காட்டுது."

சரஸ்வதி குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கல்லு மாதிரி இருந்தது.

"பெடலை யாருங்க சுத்தினது?"

அவர் காய்ந்த முகத்தை இன்னொரு தடவை துடைத்தார்.

"நான்தான்," என்றார். "நிறுத்தினா பாப்பா அழுவுறா."