ஐந்தாவது நிமிடம்

போன் அடித்தபோது நோரீன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது மைலுக்கு அப்பால், இன்னொரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெர்னடீன்தான் பேசினாள்.

"நோரீன், ஐவிக்கு வலிப்பு வந்துடுச்சு. இங்க லைப்ரரியில விழுந்து கெடக்கா."

வடக்கு டகோட்டா மாநிலத்தின் அந்த மூலையில் மூன்று பள்ளிக்கூடங்களுக்கு ஒரே நர்ஸ். செவ்வாய்க்கிழமை அவளுக்கு இங்கே வேலை. மற்ற இடங்களில் என்ன நடந்தாலும் போனில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். பத்து நாற்பது, நூலகர் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது.

நோரீன் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்கடியில் ஸ்வெட்டரை மடித்து வைக்க வேண்டும். கையைக் காலைப் பிடித்து அமுக்கக் கூடாது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட வேண்டும்.

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

எல்லாம் ஆகஸ்டில் அவளே எழுதிக் கொடுத்த தாளில் இருப்பதுதான். பொம்மையை வைத்துப் பெர்னடீனுக்கு இரண்டு நாள் பழக்கியும் இருந்தாள். ஸ்டேப்ளர் பிடித்த கைக்கு இதெல்லாம் வருமா என்று அன்றைக்குப் பெர்னடீன் சிரித்தாள்.

இப்போது அவள் மூச்சு மட்டும் போனில் கேட்டது.

மூக்கில் அடிக்கும் மருந்து பெர்னடீன் கையில் தயாராக இருந்தது. ஐந்து நிமிடம் ஆன பிறகுதான் அடிக்க வேண்டும். தாளில் அதை மட்டும் நோரீன் பெரிய எழுத்தில் போட்டிருந்தாள்.

உதடு நீலம் பாய்கிறது என்றாள் பெர்னடீன். இப்போதே அடித்துவிடட்டுமா என்றாள்.

"இல்ல. இன்னும் ஒரு நிமிஷம் பத்து செகண்ட் இருக்கு."

"எப்படி நோரீன் உனக்கு மனசு வருது?"

நோரீன் சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணை மூடியபடி நின்ற சிறுமியிடம், போய் உட்காரும்படி கைகாட்டினாள்.

பத்து நாற்பத்தைந்துக்கு, அடி என்றாள்.

ஒரு நிமிடம் போயிற்று. அப்புறம் இன்னும் அரை நிமிடம். இழுப்பு மெல்ல மெல்ல அடங்குகிறது, மூச்சு சீராக வருகிறது, உதட்டில் நிறம் திரும்புகிறது என்று பெர்னடீன் அழுதுகொண்டே சொன்னாள்.

நோரீன் நேரங்களைக் குறித்துக்கொண்டாள். எழுத்து கோணவில்லை. சந்தோஷமா என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவன் அந்த ஊருக்குப் புதிது. போனை வாங்கி, பள்ளிக்கூடத்து நர்ஸா என்று கேட்டுக்கொண்டான். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, முன்பு இப்படி எத்தனை தடவை என்று விசாரித்தான். நோரீன் எல்லாவற்றையும் தாளைப் பார்க்காமலே சொன்னாள்.

கெட்டிக்காரத்தனமாகக் காத்திருந்திருக்கிறீர்கள் என்றான். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது என்றான்.

"அம்மாகிட்ட சொல்லியாச்சுங்களா? எப்ப வருவாங்க?"

நோரீன் கோட்டை எடுத்தாள். ஒரு கையை நுழைத்தாள். இன்னொரு கை அதன் வழியைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று.

"ரோடெல்லாம் பனியா இருக்கு," என்றாள். "ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்."