மாத்திரைக்கு ஒரு விவாகரத்து

"இந்தக் கல்யாணம் இனிமே சரிப்பட்டு வராதுன்னு நீங்களும் நினைக்கிறீங்களா, மிஸ்டர் வ்ராபெல்?" என்று நீதிபதி கேட்டார்.

எமில் மாமா வாயைத் திறந்தார். மூடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்னா அத்தையைப் பார்த்தார்.

வரும் வழியெல்லாம் காரில் ஒத்திகை பார்த்த வசனம். "ஆமாம்" என்று ஒரே ஒரு சொல். அதைச் சொல்லக்கூட வராத மனிதருக்கு எப்படி விவாகரத்து வாங்கிக் கொடுப்பது?

யோசனை என்னுடையது. மாமாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. அக்கா மகள் நான்தான்.

மாமா கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நின்று நின்று ஓய்ந்தவர். ஓய்வு பெற்ற அன்று முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கி, சாகும்வரை உன் மருந்துச் செலவு எங்களுடையது என்றார். பிறகு தொழிற்சாலையை ஒருவர் வாங்கினார். அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கினார். அவர் திவாலானார்.

மாமா இன்னும் சாகவில்லை என்கிற விஷயத்தை இந்தக் கைமாற்றத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அவருக்கு இரத்தப் புற்றுநோய். தினமும் ஒரு மாத்திரை போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். விலை அப்படி; ஒவ்வொன்றையும் விழுங்கும்போது வீட்டுக் கூரையிலிருந்து ஒரு பலகை தொண்டைக்குள் இறங்குவதாக மாமா சொல்வார்.

அரசாங்கம் இலவசமாகத் தரும். ஒரே ஒரு நிபந்தனை, ஒன்றுமில்லாதவராக இருக்க வேண்டும். மனைவி பெயரில் இருப்பதும் கணவன் கணக்கில்தான் சேரும். ஆகவே வீட்டையும் சேமிப்பையும் அத்தைக்குக் கொடுத்துவிட்டு இருவரும் பிரிந்துவிட்டால், மாமா சட்டப்படி பரம ஏழை. மாத்திரை வீடு தேடி வரும்.

குடும்பம் குடும்பமாக வாழ்வதைப் பற்றி எங்கள் அரசியல்வாதிகளுக்கு இருக்கும் அக்கறையைச் சொல்லி மாளாது.

அடுத்த மாதம் இவர்களுக்குப் பொன்விழா. சர்ச் கூடத்தைப் பிடித்தாகிவிட்டது. கேக்குக்கும் சொல்லியாகிவிட்டது. எதையும் ரத்து செய்வதாக இல்லை. கேக்கின் மேல் என்ன எழுதச் சொல்வது என்பது மட்டும்தான் முடிவாகவில்லை.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். என் வயதுப் பெண்தான். நல்ல மனது. நல்ல மனதுக்காரர்களால்தான் எப்போதும் ஆபத்து.

"ஐயா தயங்குறாரு. ஒண்ணும் அவசரம் இல்லையே? கொஞ்ச மாசம் யாராவது ஆலோசகர்கிட்டப் போய்ப் பேசிப் பாருங்க. அப்புறம் வாங்க."

கொஞ்ச மாதம். வீட்டிலிருந்த மாத்திரை டப்பா ஏறக்குறைய காலியாகி, ஆட்டினால் சத்தம் வரும் நிலைக்கு வந்திருந்தது.

அத்தை எழுந்து நின்றார்.

சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று, பாடுகிறாரா இல்லையா என்று தெரியாமல் பாடுகிறவர். யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பேசுறதுக்கு ஒண்ணுமில்லம்மா. இவருக்கு வேற ஒருத்தி இருந்தா. தொழிற்சாலை கேன்டீன்ல வேலை பார்த்தவ. இர்மான்னு பேரு. ஒரு குளிர்காலம் பூரா ராத்திரி ஷிஃப்ட்டுன்னு சொல்லிட்டுப் போவாரு. ரெண்டு சேண்ட்விச் கட்டித் தரச் சொல்வாரு. ஒண்ணுல கடுகு சாஸ் தடவாதேம்பாரு. இவருக்குக் கடுகு சாஸ் இல்லாம இறங்காது. அப்ப அந்த இன்னொண்ணு யாருக்கு? நானும் தடவாமத்தான் கட்டிக் கொடுத்தேன்."

நீதிபதி மாமா பக்கம் திரும்பினார்.

"உண்மையா, மிஸ்டர் வ்ராபெல்?"

மாமாவின் காதுமடல்கள் சிவந்துபோயிருந்தன. மேசையின் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இவருக்கும் நடிப்பு வந்துவிட்டதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

"ஆமாம்" என்றார்.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அத்தையைப் பார்த்து, மன்னிக்க வேண்டும் என்பதுபோல் தலையை அசைத்தார். கையெழுத்துப் போட்டார். இந்த நாட்டில் ஒரு நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுப்பது எவ்வளவு எளிது.

வெளியே நடைக்கு வந்ததும் நான் அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, நீங்க சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய ஆளு! அந்தக் கடுகு சாஸ் எங்கேர்ந்து வந்துச்சு உங்களுக்கு? எனக்கே இர்மாவைப் போய் நாலு அறை விடணும்போல இருந்துச்சு."

அத்தை என் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கையுறைகளைத் தேடி எடுத்தார். பிரமாதமாக நடித்தவர்கள் பாராட்டுக்குக் கூச்சப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா எங்களுக்கு முன்னால் போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். ஆற்றிலிருந்து அடித்த காற்றில் அவருடைய கோட்டு திறந்து படபடத்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கினேன். போகிற வழியில் ஏதாவது சாப்பிட்டுக் கொண்டாடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும், வெர்னா?"

மாமாவின் குரல் அது. கோர்ட்டுக்குள் கேட்ட குரல் இல்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை அவருக்கு எதிரே ஒரு படி கீழே நின்று, அவருடைய கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் குளிர்காலத்துலேர்ந்தே" என்றார். "நேரா நில்லுங்க. சளி பிடிச்சா அதுக்கு வேற எவளையாவது விவாகரத்து பண்ணணும்."